மூன்றாவது கட்டை

இது நான் கட்டிவிடுகிற கதை இல்லை. எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் நானாகக் கட்டியிருந்தால் இதைவிட நல்லபடியாக முடித்திருப்பேன். எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கும்.

இதை என்னிடம் சொன்னவன் ரெய்னோ கங்காஸ். மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில், எங்கள் சாலையின் கடைசி வீடு அவனுடையது. குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறான். இல்லாததைச் சேர்த்துச் சொல்லத் தெரியாதவன். சேர்ப்பதற்கு வேண்டிய வார்த்தைகளே அவனிடம் கிடையாது. தாத்தா காலத்தில் ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பம். இந்தப் பக்கத்தில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். அந்தப் பாதிப்பேரில் வாய் திறக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

1983ஆம் வருடம். ரெய்னோவின் மனைவி மார்லிஸ் முப்பத்தேழு வயதில் மறுபடியும் உண்டாகியிருந்தாள். மறுபடியும் என்றால், அதற்கு முன்னால் ஒரு பெண் இருந்தது. கிர்ஸ்டி. வாசலில் மோட்டார் ரம்பம் ஓடினால் போதும், காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். மூன்று வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோன மறுநாளே போய்விட்டாள். அது நடந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மாடியில் இருந்த அவளுடைய அறையை மார்லிஸ் அன்று பூட்டியதுதான். சாவி எங்கே இருக்கிறது என்று ரெய்னோவுக்கே தெரியாது.

"என் பொண்ணு படுத்த கட்டில்ல இன்னொண்ணு படுக்காது," என்றாள் மார்லிஸ்.

"அப்ப பிறக்கிறது எங்க படுக்கும்?"

"அதை நீ யோசி."

யோசித்தான். கீழே அவர்கள் படுக்கும் அறையை ஒட்டி, வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு புது அறை கட்டுவது. பலகையும் ஆணியும் வைத்து இல்லை. தாத்தா கட்டினாரே அதுபோல முழு மரக்கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி. மரம் சொந்த நிலத்திலேயே நின்றது. கூலிக்கு ஆள் வேண்டாம், அவனும் மார்லிஸின் தம்பி கர்ட்டிஸும் போதும். ஜனவரியில் பிரசவம். அதற்குள் அறை முடிந்துவிட வேண்டும். முடியாவிட்டால் மார்லிஸ் மனம் உடைந்துபோவாள் என்று அவனுக்குப் பயம். முதல் குழந்தை போனபோது ஒரு குளிர்காலம் முழுக்க அவள் யாருடனும் பேசவில்லை. அதை இன்னொரு தடவை அவனால் தாங்க முடியாது.

மே மாதம் மரம் வெட்ட ஆரம்பித்தார்கள். வீட்டுக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு பழைய பாதை போகிறது. அரை மைல் நடந்தால் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டம். பாதை வளைகிற இடத்தில் ஒரு பெரிய பைன் மரம் தனியாக நின்றது. நேராக, அடி முதல் நுனி வரை ஒரே பருமனாக. கீழ்க்கிளைகள் ஒன்றுகூடக் கிடையாது.

"மச்சான், இந்த மரத்தை யாரோ நமக்குன்னே சீவி வச்சிருக்காங்க," என்றான் கர்ட்டிஸ்.

"வாயை மூடிட்டு அறு."

"ஏழு வார்த்தைக்கு மூணு வார்த்தை பதில். இன்னிக்கு உனக்கு நல்ல நாள்போல."

மரம் விழுந்தது. பட்டையை உரிக்கப் புரட்டியபோதுதான் பார்த்தார்கள். மரத்தின் ஒரு பக்கத்தில் சிலுவைகள். கத்தியால் வெட்டியவை. மொத்தம் ஏழு. ஆறு மிகப் பழையவை, பட்டை வளர்ந்து பாதி மூடியிருந்தது. ஏழாவது மட்டும் சின்னது. கொஞ்சம் தாழ்வாக, ஓரமாக இருந்தது. அதில் பிசின்கூட இன்னும் முழுசாகக் காயவில்லை.

"நிலம் அளக்க வந்தவன் போட்ட அடையாளமா இருக்கும்," என்றான் கர்ட்டிஸ்.

ரெய்னோவுக்கு அது பார்க்க அழகாக இருந்தது. கட்டை அடுக்கும்போது எந்த முகம் உள்ளே, எந்த முகம் வெளியே என்பது கட்டுகிறவன் இஷ்டம். நல்ல முகத்தை உள்ளே வைப்பார்கள். கல்லறைப் பக்கத்துச் சுவரில், கீழிருந்து மூன்றாவது கட்டையாக அதை வைத்தான். சிலுவைகள் அறைக்குள்ளே பார்க்கும்படி. தொட்டிலில் படுத்திருக்கும் குழந்தையின் கண்ணுக்கு நேராக வரும் என்று அவன் கணக்கு.

அந்தக் கோடையில் அவனுடைய பெரியப்பா மகள் ஐலின் ஃபின்லாந்துக்குப் போய் வந்திருந்தாள். சொந்தக்காரர்களைத் தேடிப் போனவள், ஒரு பெட்டி நிறைய ஸ்லைடு படங்களோடு திரும்பினாள். புரொஜக்டரையும் திரையையும் காரில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டினாள். இருநூறு படம். ஊரே அவள் காரைக் கண்டால் பின்வாசல் வழியாக ஓடியது. ரெய்னோவும் ஓடினான்.

"டேய் ரெய்னோ, நம்ம பூர்வீக ஊரைப் பாக்க உனக்கு ஒரு மணி நேரம் இல்லையா?"

"அக்கா, கட்டை காயறதுக்குள்ள வேலை இருக்கு."

"கட்டைகூடத்தான் நீ பேசுவே. போ."

அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வேலை மெதுவாகத்தான் போனது. இந்த மாதிரி அறையில் ஒவ்வொரு கட்டையும் கீழே இருக்கும் கட்டையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப உட்கார வேண்டும். கவராயத்தால் கோடு இழுத்து, செதுக்கி, உருட்டிப் பார்த்து, மறுபடி செதுக்கி... ஒரு நாளைக்கு ஒரு கட்டை முடிந்தால் பெரிய விஷயம். கதவு, ஜன்னல் எதுவும் முதலில் வைப்பதில்லை. சுவர் முழுசாக எழும்பிய பிறகுதான் ரம்பத்தால் வெட்டித் திறப்பார்கள். முன்னாலேயே வெட்டினால் கட்டைகள் கோணிக்கொள்ளும்.

அக்டோபர் முதல் வாரமே பனி கொட்டிவிட்டது. அவசர அவசரமாகத் தகரக் கூரையைப் போட்டு மூடினார்கள். லாரி வேலையும் தொடங்கிவிட்டது. வெட்டித் திறக்க நேரமில்லை.

ஆக, அறை இருந்தது. வாசல் இல்லை.

மூன்று பக்கம் கட்டைச் சுவர். நான்காவது பக்கம் வீட்டின் பழைய சுவர். அந்தச் சுவரில் அவர்கள் படுக்கையறையின் ஜன்னல். முன்பு அதைத் திறந்தால் காடு தெரியும். இப்போது அந்த ஜன்னல் புது அறைக்குள் பார்த்தது. அந்த ஜன்னலைத்தான் பிறகு இடித்து வாசலாக்குவதாக இருந்தான். அதுவரை அந்த அறைக்குள் போக வேண்டுமானால் ஜன்னல் ஏறித்தான் குதிக்க வேண்டும். வேறு வழி எலிக்குக்கூடக் கிடையாது.

நவம்பரில் ஆரம்பித்தது.

முதலில் கண்ணாடி. ஒரு மாலை ரெய்னோ வேலையிலிருந்து வந்து படுக்கையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். எதிரே ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. வட்டமாக, உள்ளங்கை அளவு. எழுந்துபோய்த் துடைத்தான். போகவில்லை. அழுத்தித் துடைத்தான். அப்போதுதான் புரிந்தது... ஆவி அந்தப் பக்கம் படிந்திருக்கிறது.

பச்சைக் கட்டை, ஈரம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டான்.

அப்புறம் சத்தம். டொக். கொஞ்சம் பொறுத்து, டொக்... டொக். பச்சைக் கட்டை காயும்போது வெடிக்கும், துப்பாக்கி சுட்டதுபோலக்கூடக் கேட்கும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் வெடிக்கிற கட்டை ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், தட்டிவிட்டுக் காத்திருப்பதுபோல விட்டு விட்டு வெடிக்காது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

கர்ட்டிஸிடம் சொன்னான்.

"நரி புகுந்திருக்கும் மச்சான். இல்லேன்னா உன் மாமியார் ஆவி. எங்கம்மா உயிரோட இருக்காங்கங்கிறதுதான் கொஞ்சம் இடிக்குது."

மறுநாள் பகலில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஏறி உள்ளே இறங்கினான். நரி இல்லை. ஓட்டை இல்லை. தரைப்பலகை முழுக்க மரத்தூளும் சீவலும் அவன் விட்டபடியே கிடந்தன. ஒன்றைத் தவிர.

தூளில் தடம் விழுந்திருந்தது.

ஒருவர் நடந்த தடம் இல்லை. பல பேர் பல நாள் நடந்து தேய்ந்த தடம். கூண்டில் அடைத்த மிருகம் நடப்பதுபோல, ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவருக்கு, எதிர்ச்சுவரிலிருந்து ஜன்னலுக்கு. ஆனால் எதிர்ச்சுவரை எதுவும் தொடவில்லை. சுவருக்கு ஓரடி முன்னால் எல்லாத் தடமும் திரும்பியிருந்தன. அந்த ஓரடி அகலத்துக்கு மட்டும் தூள் புதுப்பனிபோல அப்படியே கிடந்தது.

மூன்றாவது கட்டைக்கு முன்னால்.

அவன் கூட்டித் தள்ளிவிட்டு வெளியே வந்தான். மார்லிஸிடம் சொல்லவில்லை. கர்ப்பமாக இருப்பவளிடம் என்னவென்று சொல்வான்?

ஆனால் மார்லிஸ் மாறியிருந்தாள். முதலில் அவனுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. சிரித்தாள். பாடினாள். நன்றாகச் சாப்பிட்டாள். மாலையானால் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னல் வேலை செய்தாள். ஜன்னல் விளிம்பில் ஒரு சின்ன விளக்கை ஏற்றி வைத்தாள். இருட்டு அறையைப் பார்த்தபடி.

"எதுக்கு விளக்கு?" என்று கேட்டான்.

"அவளுக்கு இருட்டு ஆகாதே."

"யாருக்கு?"

மார்லிஸ் பின்னிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. அவள் மடியில் கிடந்த ஸ்வெட்டரை ரெய்னோ அப்போதுதான் சரியாகப் பார்த்தான். பச்சைக் குழந்தைக்குப் பின்னுகிற அளவு இல்லை அது. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும்.

அன்றே முடிவு செய்தான். கல்லறைப் பக்கச் சுவரில் ஒரு பெரிய ஜன்னலை வெட்டித் திறந்துவிடுவது. வெளிச்சமும் காற்றும் வந்தால் எல்லாம் சரியாகும்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு. கர்ட்டிஸ் வருவதாக இருந்தது. மதியமே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. போன் செய்தான்.

"மச்சான், சாலையே தெரியல. பனி தள்ற ஆளு வீட்ல உக்காந்திருந்தா நான் எப்படி வர்றது?"

"சரி. நானே பாத்துக்கிறேன்."

"தனியா வேணாம். நாளைக்குப் பாக்கலாம்."

ரெய்னோ போனை வைத்தான். மணி நாலரை. நடுராத்திரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். டிசம்பரில் எங்கள் ஊரில் நாலரைக்கே இருட்டு.

மோட்டார் ரம்பத்தை எடுத்தான். மார்லிஸ் குறுக்கே நின்றாள்.

"வேணாம் ரெய்னோ."

"பத்து நிமிஷ வேலை."

"சத்தம் போடும். வேணாம்."

அவளை மெதுவாக விலக்கினான். ஜன்னலை மேலே தூக்கி, ரம்பத்தையும் லாந்தரையும் உள்ளே வைத்து, ஏறிக் குதித்தான். ஜன்னல் திறந்தே இருந்தது. அதை அவன் சத்தியம் செய்து சொல்கிறான்.

உள்ளே வெளியைவிடக் குளிர். மூச்சு புகையாக வந்தது. லாந்தரை ஆணியில் மாட்டிவிட்டு ரம்பத்தைக் கையில் எடுத்தான். தரையைப் பார்த்தான்.

கூட்டிச் சுத்தம் செய்த தரை. மறுபடியும் தூள் உதிர்ந்திருந்தது. மறுபடியும் தடம்.

இந்த முறை வெறுங்கால் தடம். பெரியவை. நடுவில்... சின்னதாக ஒன்று.

பின்னால் டப் என்று சத்தம்.

திரும்பினான். ஜன்னல் மூடியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெளிச்சத்தில், மார்லிஸ் நின்றாள். அவன் கையை ஆட்டினான். திற என்று சைகை காட்டினான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை.

அவனுக்குப் பக்கத்தில் பார்த்தாள். கொஞ்சம் கீழே. சிரித்தாள். யாருக்கோ கையசைத்தாள்.

லாந்தரின் சுடர் ஒருமுறை குதித்தது.

அணைந்தது.

யாரோ அவன் கோட்டை இழுத்தார்கள்.

பலமாக இல்லை. பிள்ளைகள் இழுப்பதுபோல. இடுப்புக்குப் பக்கத்தில்.

அவனுக்கு ஒன்று மட்டும் தோன்றியது. கிர்ஸ்டி அவன் முழங்காலைத்தான் பிடிப்பாள். இடுப்பு அவளுக்கு எட்டாது...

அதன் பிறகு மூச்சுச் சத்தம் கேட்டது. அவனுடையது இல்லை. ஒன்று இல்லை. அறை முழுக்க. கிழட்டு மூச்சு, கனத்த மூச்சு, இழுத்து இழுத்து விடும் மூச்சு. எல்லாம் அவனை நோக்கி வந்தன.

பின்னால் நகர்ந்தான். ஒரு எட்டு. இன்னொரு எட்டு. முதுகு கட்டையில் முட்டியது. கையால் தடவினான். வெட்டுகள் விரலில் பட்டன. சிலுவைகள்.

மூச்சுகள் நின்றன.

போகவில்லை. நின்றன. கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கத்தில். அதற்குமேல் வரவில்லை.

அவன் அழுதான். அதை என்னிடம் சொல்ல அவன் வெட்கப்படவில்லை. ரம்பத்தின் கயிற்றை இழுத்தான். ஒருமுறை. ஓடவில்லை. இரண்டாம் முறை. ஓடவில்லை...

மூன்றாம் முறை உறுமியது.

இருட்டில், கைக்குத் தெரிந்த அளவை வைத்து, மூன்றாவது கட்டைக்கு மேலே வெட்டினான். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. காலால் உதைத்தான். கட்டைகள் வெளியே பனியில் விழுந்தன. ரம்பத்தைப் போட்டுவிட்டு மூன்றாவது கட்டையைத் தாண்டி வெளியே குதித்தான். இடுப்பளவு பனியில் விழுந்தான்.

எதுவும் பின்னால் வரவில்லை.

ரம்பம் இருமி நின்றது. புயலின் சத்தத்துக்கு நடுவில், வெட்டிய ஓட்டைக்குள்ளிருந்து, ஒரு குழந்தை அழும் சத்தம் வந்தது. காதைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. அந்த அழுகை அவனுக்குத் தெரியும்.

"அப்பா..."

வீட்டைச் சுற்றி ஓடி முன்வாசல் வழியாக நுழைந்தான். மார்லிஸ் ஜன்னலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்திருந்தாள். அந்தப் பக்கம் ஆவி படிந்திருந்தது. அதற்குள் ஐந்து சின்ன விரல்கள்.

"நீ ஏன் ஜன்னலை மூடினே?"

"நான் மூடல," என்றாள். பிறகு, "அவ பயந்துட்டா ரெய்னோ. ரம்பச் சத்தம் அவளுக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் அவன் தரையைப் பார்த்தான். அவளுக்குப் பனிக்குடம் உடைந்திருந்தது.

பனி தள்ளும் லாரியிலேயே அவளை ஏற்றினான். முப்பது மைல், முன்னால் தானே சாலையைத் திறந்துகொண்டு போனான். பையன் பிறந்தான். ஒரு மாதம் முன்னதாகப் பிறந்தும் குறை ஒன்றும் இல்லை. ஹென்ரி என்று பெயர் வைத்தார்கள். ரெய்னோ அந்த ஓட்டையைப் பலகை அடித்து மூடினான். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரியில் ஐலின் வந்தாள். ஒரு கையில் ஏலக்காய் ரொட்டி, மறு கையில் புரொஜக்டர்.

"பிள்ளை பெத்த வீட்ல இருந்து எங்கயும் ஓட முடியாதில்ல? உக்காரு."

உட்கார்ந்தான். தேவாலயம், ஏரி, யாரோ சித்தப்பாவின் மாடு, மறுபடியும் அதே மாடு. நூறு படத்துக்கு மேல் ஓடிய பிறகு அவன் எழுந்து நின்றான்.

"அதை நிறுத்து. அது என்ன?"

திரையில் ஒரு பைன் மரம். பாதை வளைகிற இடம். கீழ்க்கிளைகள் இல்லை. அடிமரத்தில் சிலுவைகள்.

"அதுவா? அந்தக் காலத்து வழக்கம்டா. செத்தவங்களைக் கல்லறைக்குத் தூக்கிட்டுப் போகும்போது பாதி வழியில நிப்பாங்களாம். ஒரு மரத்துல சிலுவை வெட்டுவாங்களாம். ஆளுக்கு ஒண்ணு."

"எதுக்கு?"

"செத்தவங்களுக்கு வீட்டு ஞாபகம் வரும்ல. எழுந்து வருவாங்களாம். அந்த மரம் வரைக்கும் வந்து சிலுவையைப் பாத்ததும், ஓ, நாம செத்துட்டோம்னு ஞாபகம் வந்து திரும்பிப் போயிடுவாங்களாம். சிலுவையைத் தாண்ட முடியாது. அதான் கல்லறைப் பக்கம் பாத்து வெட்டியிருக்கு, பாத்தியா?" ஐலின் சிரித்தாள். "ஏண்டா உன் மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

ரெய்னோ அவளை ஜன்னலுக்கு அழைத்துப் போனான். டார்ச்சை எதிர்ச்சுவரில் அடித்தான்.

ஐலினுக்குச் சிரிப்பு நின்றது. அவள் பேசாமல் இருந்து நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

"உள்ள பாக்குதே..." என்றாள் கடைசியில்.

"ஆமா."

"வெளிய இருந்து வர்றவங்க கண்ணுக்கு அது படாதேடா. உள்ள வந்தப்புறம்தானே படும்." மெதுவாகச் சொன்னாள். "இப்ப அது வர்றவங்களைத் தடுக்கல. போறவங்களைத் தடுக்குது."

அப்போது ரெய்னோவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கிர்ஸ்டியின் சவ அடக்கம். சாலை அடைபட்டுக் கிடந்ததால் சின்னப் பெட்டியை அந்தக் காட்டுப்பாதை வழியாகத்தான் தோளில் கொண்டுபோனார்கள். அவனுடைய அப்பா மட்டும் வளைவில் பின்தங்கினார். அழுகிறார் என்று விட்டுவிட்டார்கள். பிறகு அவர் வந்து சேர்ந்தபோது கையில் பிசின் ஒட்டியிருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுவருடம் அவரும் போய்விட்டார். அவருக்குச் சிலுவை வெட்டத் தெரிந்தவர் யாரும் மிச்சமில்லை.

ரெய்னோ கொட்டகைக்குப் போய் ரம்பத்தோடு திரும்பினான். மூன்றாவது கட்டையை வெட்டி எடுத்துவிடுவது. மார்லிஸ் கைக்குழந்தையோடு ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. அழவில்லை.

"அதை எடுத்தா அவ போயிடுவா," என்றாள். "இன்னொரு தடவை அவளை என்னால அனுப்ப முடியாது. நீ அனுப்புவியா?"

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பேசாத குளிர்காலம் ஞாபகம் வந்தது. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டான். அன்று சாயங்காலமே மார்லிஸ் எங்கிருந்தோ சாவியைக் கொண்டுவந்து மாடி அறையைத் திறந்தாள். பையன் வளர்ந்தது அங்கேதான். அவனுக்கென்று கட்டிய அறைக்கு இன்றுவரை வாசல் வெட்டவில்லை.

இதெல்லாம் ரெய்னோ என்னிடம் சொன்னது. இனி நான் பார்த்தது.

நான்கு வருடம் கழித்து, ஹென்ரியின் பிறந்தநாள் என்று காபிக்குக் கூப்பிட்டார்கள். என் கோட்டைக் கழற்றிப் படுக்கையறையில் வைக்கச் சொன்னாள் மார்லிஸ். போனேன். ஜன்னல் விளிம்பில் சின்ன விளக்கு எரிந்தது, பட்டப்பகலில். ஜன்னலின் மரச்சட்டத்தில் பென்சில் கோடுகள் இருந்தன. பிள்ளைகள் வளர்வதை அளந்து எல்லா வீட்டிலும் போடுவதுதான். விளிம்புக்குச் சற்று மேலே முதல் கோடு. அதற்கு மேலே ஒன்று, இன்னொன்று... மொத்தம் ஐந்து. கடைசிக் கோடு என் மார்புக்கு மேலே வந்தது.

மார்லிஸ் பின்னால் வந்து நின்றாள்.

"பையன் நல்லா வளர்றான்போல," என்றேன்.

அவள் சிரித்தாள்.

"அவனோட கோடெல்லாம் சமையல்கட்டுக் கதவுல இருக்கு. அவனுக்கு ஏது இவ்வளவு உயரம்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஐந்தாவது கோட்டுக்கு நேராக, ஆவி படிந்திருந்தது. நான் காபி குடிக்காமலே கிளம்பினேன்.

பனி அதிகமாக இருந்தது. ரெய்னோ லாரியில் கொண்டுவந்து விட்டான். என் வீட்டு வாசலில் நிறுத்தியபோது ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கிர்ஸ்டிகிட்ட எனக்குப் பயம் இல்லண்ணே. அவ என் பொண்ணு."

"அப்புறம்?"

"அந்தக் கட்டையில ஏழு சிலுவை இருக்கு," என்றான். "மார்லிஸ் விளக்கு வைக்கிறது ஒருத்திக்குத்தான்."